ஆங்கில வாக்கியத்தில் இடம்தான் உருபு

நாய் பூனையைத் துரத்தியது. பூனையை நாய் துரத்தியது. துரத்தியது நாய் பூனையை. இந்த மூன்று சொற்களை ஆறு விதமாக அடுக்கலாம். எப்படி அடுக்கினாலும் தமிழில் ஓடுவது பூனைதான், விரட்டுவது நாய்தான். 'பூனையை' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபு, பூனை போகும் இடமெல்லாம் கூடவே போகிறது.

ஆங்கிலத்தில் இது "தி டாக் சேஸ்ட் தி கேட்." இரண்டு பெயரையும் இடம் மாற்றி "தி கேட் சேஸ்ட் தி டாக்" என்று எழுதினால் கதை தலைகீழ், இப்போது பூனை நாயை விரட்டுகிறது. மீதி நான்கு வரிசைகளும் சாதாரண வாக்கியமாகவே நிற்காது. 'கேட்' என்ற சொல்லில் உருபு என்று எதுவும் ஒட்டவில்லை. அது வினைக்கு முன்னால் நின்றால் எழுவாய், பின்னால் நின்றால் செயப்படுபொருள். நிற்கும் இடமே அதற்கு உருபு.

தமிழ் வழி யோசிப்பவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பல இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. சொல் தெரியும், டென்ஸ் அட்டவணை மனப்பாடம், ஆனாலும் வாக்கியம் உட்காராது. ஆயிரம் சொற்களை மேலும் உருப்போடுவதைவிட, எந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது பல மடங்கு பயன் தரும்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் உருபு மொழிதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் ஈறு வேற்றுமைக்கு ஏற்ப மாறியது. சொல் வரிசையும் இன்றைக்கு இருக்கும் அளவு இறுக்கமில்லை. பிந்தைய நூற்றாண்டுகளில் ஈறுகள் தேய்ந்தன, அவை செய்த வேலையை இடம் ஏற்றுக்கொண்டது. பழைய வீட்டின் தூண்கள் சில மட்டும் நிற்கின்றன: ஐ–மீ, ஹி–ஹிம், ஷி–ஹெர், வி–அஸ், தே–தெம். இவற்றில்கூட உருபு இருக்கிறதே என்று இடத்தை மாற்ற முடியாது. "ஹிம் ஐ சா" என்பது கவிதையிலோ தனி அழுத்தத்துக்காகவோ வரலாம். விண்ணப்பக் கடிதத்தில் வராது.

எழுவாய் இல்லாமல் நகராது

"வந்தேன்" என்று ஒரே சொல்லில் தமிழில் வாக்கியம் முடிந்துவிடும். யார் வந்தது என்று ஈற்றில் உள்ள 'ஏன்' சொல்லிவிடுகிறது. வந்தாய், வந்தான், வந்தாள், வந்தோம், வந்தார்கள் எல்லாமே அப்படித்தான். ஆங்கிலத்தில் 'கேம்' ஒன்றுதான். ஐ கேம், யூ கேம், ஹி கேம், தே கேம். வினை வாய் திறந்து யார் என்று சொல்லாது. நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வரும்போது ஒட்டும் ஒரு 'எஸ்', பிறகு ஆம்–இஸ்–ஆர், வாஸ்–வேர், இவ்வளவுதான் மிச்சம். அதனால் எழுவாயை வெளியே சொல்லியே ஆகவேண்டும். கட்டளை மட்டும் விலக்கு: 'வா' போலவே 'கம்'.

சொல்லுவதற்கு ஆளே இல்லாத இடத்திலும் அந்த நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. "இருட்டிவிட்டது" என்றால் இருட்டியது யார்? ஆங்கிலம் அங்கே 'இட்' என்ற ஒரு பொம்மையை உட்கார வைக்கிறது: "இட் காட் டார்க்." "இட் இஸ் ரெய்னிங்", "இட் இஸ் டென் ஓ கிளாக்" எல்லாம் இதே வகை. மேஜையில் ஒரு கடிதம் இருக்கிறது என்பதற்கு 'தேர்' என்ற இன்னொரு பொம்மை: "தேர் இஸ் எ லெட்டர் ஆன் தி டேபிள்." இந்த 'தேர்' என்பதற்கு 'அங்கே' என்று பொருள் கிடையாது. அப்படி மொழிபெயர்க்கப் போனால் வாக்கியம் விளங்காமல் போகும்.

இன்னொரு சிக்கல் நான்காம் வேற்றுமை. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு இரண்டு தம்பிகள். தமிழில் உணர்வும் அறிவும் உறவும் 'எனக்கு' வந்து சேர்கின்றன. ஆங்கிலம் அந்த 'எனக்கு'வைப் பிடித்து எழுவாய் நாற்காலியில் உட்கார வைத்துவிடும்: "ஐ ஆம் ஹங்ரி", "ஐ நோ", "ஐ லைக் இட்", "ஐ ஹேவ் டூ யங்கர் பிரதர்ஸ்." 'ஃபார் மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்' என்று கேட்கிறோமே, அதன் பிறப்பிடம் இதுதான். 'கு' உருபு கண்ணில் பட்டதும் 'ஃபார்', 'டு' என்று கை போகிறது. உணர்வு, அறிவு, உடைமை, நோய் பற்றிய வாக்கியத்தில் 'எனக்கு' வந்தால் அநேகமாக 'ஐ'. கொடுத்தல், அனுப்புதல் பற்றியதில் வந்தால் மட்டும் 'டு மீ' அல்லது 'மீ'. இந்த ஒரு பிரிப்பு நிறையக் காப்பாற்றும்.

"அவர் டாக்டர்." தமிழில் இதில் வினையே இல்லை, பெயரே பயனிலை. ஆங்கிலத்தில் பெயர் பயனிலையாக இருக்க முடியாது, "ஹி இஸ் எ டாக்டர்." இந்த 'இஸ்' என்பதற்கு என்ன பொருள் என்று குழந்தைகள் கேட்பார்கள். நேர்மையான பதில்: பொருள் அநேகமாக எதுவும் இல்லை, காலத்தைத் தாங்கும் ஆணி அது. தமிழிலும் இறந்தகாலத்துக்குப் போனால் அந்த ஆணி வெளியே தெரிகிறது: "அவர் டாக்டராக இருந்தார்."

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: "ஐ ஆம் கோ டு ஸ்கூல்", "ஐ ஆம் அக்ரீ." சின்ன வகுப்பில் 'ஐ ஆம்' என்பதையே 'நான்' என்று படித்துவிட்டதன் விளைவு. 'ஐ' மட்டும்தான் 'நான்'. 'ஆம்' வேறொரு சொல், அதற்கு வேறொரு வேலை.

காலம் ஒரே இடத்தில்

ஆங்கில வாக்கியத்தின் அச்சாணி எது என்று கேட்டால் காலம் காட்டும் வினை என்பேன். நம் இலக்கணத்தில் வினைமுற்று. ஒரு வினைமுற்றும் அதன் எழுவாயும் சேர்ந்தால் ஓர் உட்வாக்கியம். ஆங்கிலப் பாடநூல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கிளாஸ். வகுப்பறையோடு குழம்ப வேண்டாம் என்பதால் இங்கே உட்வாக்கியம் என்றே சொல்கிறேன். விதி சின்னது: ஓர் உட்வாக்கியத்தில் காலம் ஒரே ஒரு சொல்லில்தான் ஏறும், வினைத்தொடரில் முதலில் நிற்கும் சொல்லில்.

"ஹி டிட் நாட் வென்ட்." இதில் 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, 'வென்ட்' மறுபடியும் சுமக்கிறது. "டிட் ஹி வென்ட்?", "ஹி டஸ் நாட் கோஸ்", "ஹி கேன் கோஸ்" எல்லாம் ஒரே நோய். முதல் சொல் சுமையை வாங்கிக்கொண்டால் அடுத்தது வெறுங்கையோடு நிற்கவேண்டும்: டிட் நாட் கோ, டஸ் நாட் கோ, கேன் கோ.

துணைவினைகள் நீளமாகச் சேரும்போது தமிழருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. இதை ஏனோ வகுப்பில் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. "அவன் தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்" என்ற வினையைப் பிரித்துப் பாருங்கள்: தூங்கி, கொண்டிருந்து, இருக்க, வேண்டும். ஆங்கிலத்தில் "ஹி மஸ்ட் ஹேவ் பீன் ஸ்லீப்பிங்." மஸ்ட், ஹேவ், பீன், ஸ்லீப்பிங். தமிழைக் கடைசியிலிருந்து படித்தால் ஆங்கிலம்: வேண்டும் மஸ்ட் ஆகிறது, இருக்க ஹேவ், கொண்டிருந்து பீன், தூங்கி ஸ்லீப். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல நான்கும் நேர் எதிர் வரிசை.

ஒற்றுமை வரிசையோடு நிற்கவில்லை. 'வேண்டும்' தனக்கு முன்னால் 'இருக்க' என்ற செய எச்சத்தைத்தான் ஏற்கும். 'இருந்து வேண்டும்' என்று யாரும் சொல்வதில்லை. 'இருக்க' தன் முன்னால் 'இருந்து' என்ற செய்து எச்சத்தைக் கேட்கும். அதேபோல ஆங்கிலத்தில் ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து வரும் சொல்லின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. கேன், வில், மஸ்ட், ஷுட் போன்றவற்றுக்கும் டூ, டஸ், டிட் மூன்றுக்கும் பின்னால் வினையின் மூல வடிவம். ஹேவ், ஹேஸ், ஹேட் பின்னால் மூன்றாம் வடிவம்: கான், ரிட்டன், ஈட்டன். 'பி' குடும்பத்துக்குப் (ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன்) பின்னால் இரண்டில் ஒன்று: செய்பவர் எழுவாயாக இருந்தால் 'இங்' வடிவம், செயப்பாட்டு வினையாக இருந்தால் மூன்றாம் வடிவம். "ஷி இஸ் ரைட்டிங்", "இட் இஸ் ரிட்டன்." இவ்வளவுதான் முழு இயந்திரமும். 12 டென்ஸ் அட்டவணை என்று சுவரில் ஒட்டி உருப்போடுகிறார்களே, அந்த வடிவங்களை இந்தச் சங்கிலியிலிருந்தே கட்டிவிடலாம். எதை எப்போது பயன்படுத்துவது என்பது தனிப் பாடம், வடிவம் தப்பாது.

கேள்விக்கும் இதே அச்சாணிதான். வினைத்தொடரின் முதல் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வரும். "ஹி வில் கம்" என்பது "வில் ஹி கம்?" ஆகும். துணைவினை இல்லாவிட்டால் 'டூ' குடும்பத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்கவேண்டும், காலத்தையும் அதனிடம் ஒப்படைக்க வேண்டும்: "ஹி கேம்" என்பது "டிட் ஹி கம்?" 'இஸ்', 'வாஸ்' மட்டும் தனி வினையாக நின்றாலும் தாங்களே நகரும். எங்கே, எப்போது, ஏன் என்ற வினாச்சொல் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். "வேர் டிட் ஹி கோ?" வினாச்சொல்லே எழுவாயாக இருக்கும்போது எதுவும் நகராது: "ஹூ கேம்?" 'ஹூ டிட் கம்' வேண்டாம்.

தமிழில் கேள்வி கேட்க எதையும் நகர்த்துவதில்லை. "நீ என்ன செய்கிறாய்?" என்பதில் 'என்ன' தன் இடத்திலேயே இருக்கிறது. அதனால் "வாட் யூ ஆர் டூயிங்?" என்று பாதி நகர்த்தலோடு நின்றுவிடுகிறோம். நகர்த்தப் பழகியபிறகு, நகர்த்தக்கூடாத இடத்திலும் நகர்த்துகிறோம்: "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி." இங்கே கேள்வி யாரிடமும் கேட்கப்படவில்லை, 'அவன் எங்கே இருக்கிறான் என்று' என்பது 'நோ' என்ற வினைக்குச் செயப்படுபொருள். உள்ளே அடங்கிய கேள்வியில் சாதாரண வரிசைதான்: "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்." வெளிவாக்கியம் கேள்வியாக இருந்தால் வெளியே மட்டும் ஒருமுறை நகர்த்தவும்: "டூ யூ நோ வேர் ஹி இஸ்?"

வினைக்குப் பின்னால் என்ன வரலாம்

வினைக்குப் பின்னால் எத்தனை நாற்காலி போடுவது என்பதை வினைதான் முடிவு செய்கிறது. 'ஸ்லீப்' ஒன்றும் கேட்காது. 'பை' ஒரு பொருளைக் கேட்கும். 'கிவ்' இரண்டு கேட்கும்: "கிவ் மீ தி கீ." 'புட்' ஒரு பொருளையும் ஓர் இடத்தையும் சேர்த்துக் கேட்கும், "ஐ புட் தி கீ" என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார், "ஐ புட் தி கீ ஆன் தி டேபிள்" என்றால்தான் நிறைவு. இலக்கணக்காரர்களில் சிலர் இந்த அமைப்புகளை 5 என்பார்கள், சிலர் 7 என்பார்கள். எண்ணிக்கையில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புது வினை ஒன்றைப் படிக்கும்போது அதன் பொருளோடு அது கேட்கும் நாற்காலிகளையும் சேர்த்து எழுதிவைப்பதுதான் முக்கியம்.

ஏனென்றால் பொருளை மட்டும் வைத்து ஊகித்தால் தவறும். 'டெல்' இரண்டு பெயரை அடுத்தடுத்து ஏற்கும்: "டெல் மீ தி ஆன்சர்." கிட்டத்தட்ட அதே வேலை செய்யும் 'எக்ஸ்ப்ளெய்ன்' ஏற்காது. "எக்ஸ்ப்ளெய்ன் மீ தி சம்" பிழை, "எக்ஸ்ப்ளெய்ன் தி சம் டு மீ" சரி. 'டாக் அபவுட்' சரி. 'டிஸ்கஸ் அபவுட்' பிழை, 'டிஸ்கஸ்' நேராகப் பொருளை ஏற்கும். நம் மனத்தில் 'பற்றி விவாதித்தோம்' என்று ஓடுவதால் 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

கண்ணாடி வழி ஏமாற்றும் இடம் ஒன்றும் இங்கே உண்டு. "காபி ரொம்பப் பிடிக்கும்" என்பதைப் பின்னாலிருந்து திருப்பினால் "லைக் வெரி மச் காபி" வரும். பிழை. ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே பொதுவாக இப்படிப்பட்ட அடைச்சொல்லை நுழைக்க விடுவதில்லை. காரணம் முதலில் சொன்னதுதான்: 'காபி' செயப்படுபொருள் என்று காட்ட அந்த ஒட்டிய இடத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை. எனவே "ஐ லைக் காபி வெரி மச்." ஆல்வேஸ், ஆஃபன், நெவர் போன்றவை வினைக்கு முன்னாலும் முதல் துணைவினைக்குப் பின்னாலும் வரும், கடைசியில் இடம், பிறகு காலம்: "ஹி ஹேஸ் ஆல்வேஸ் லிவ்ட் ஹியர்", "வி வென்ட் டு மதுரை யெஸ்டர்டே."

பெயருக்கு முன்னும் பின்னும்

தமிழில் ஒரு பெயரைப் பற்றி எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் அத்தனையும் பெயருக்கு முன்னால் வரும். 'நேற்று சேலத்திலிருந்து வந்த உயரமான பையன்.' ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் அடைமொழி மட்டும் முன்னால், நீளமானதெல்லாம் பின்னால்: "தி டால் பாய் ஹூ கேம் ஃப்ரம் சேலம் யெஸ்டர்டே."

பெயரெச்சத்தை ஆங்கிலமாக்கும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். சாப்பிட்ட பையன், சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட ஹோட்டல், சாப்பிட்ட நாள், சாப்பிட்ட தோசை. 'சாப்பிட்ட' ஒன்றுதான், பையன் சாப்பிட்டான், தட்டில் சாப்பிட்டோம், தோசையைச் சாப்பிட்டோம் என்ற உறவையெல்லாம் கேட்பவரே உலக அறிவால் நிரப்பிக்கொள்கிறார். ஆங்கிலம் அந்த உறவை விட்டுவிடாது. "தி பாய் ஹூ ஏட்", "தி பிளேட் தட் ஐ ஏட் ஃப்ரம்", "தி ஹோட்டல் வேர் ஐ ஏட்", "தி டே வென் ஐ ஏட்", "தி தோசை தட் ஐ ஏட்." 'நான் எழுதிய பேனா' என்பதை "தி பென் தட் ஐ ரோட்" என்று விட்டால் பேனாவையே எழுதியதாக ஆகும். "தி பென் தட் ஐ ரோட் வித்." கடைசியில் தொங்கும் அந்த 'வித்' அனாதை இல்லை, தமிழ் விழுங்கிய 'ஆல்' உருபு அது. சோதிக்க எளிய வழி: பெயரெச்சத்தை முழு வாக்கியமாக விரித்துப் பாருங்கள். 'பேனாவால் எழுதினேன்' என்று உருபு வெளியே வந்தால், அதற்கு ஈடான பிரிப்பொசிஷன் (வித், ஃப்ரம் போன்று பெயரோடு சேர்ந்து உருபின் வேலை செய்யும் சொல்) ஆங்கிலத்திலும் வரவேண்டும்.

முன்–பின் மாற்றம் இன்னொரு குழியையும் வெட்டி வைக்கிறது. தமிழில் தலைமைப் பெயர், அதாவது பெயர்த்தொடரில் மற்றவை எதைச் சார்ந்து நிற்கின்றனவோ அந்தப் பெயர், எப்போதும் கடைசியில், வினைக்கு அருகில். 'என் நண்பர்களில் ஒருவர் வந்திருக்கிறார்' என்பதில் 'ஒருவர்' வினையை நோக்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் தலைமைப் பெயர் முதலிலேயே வந்துவிடுகிறது, வினைக்குப் பக்கத்தில் நிற்பது வேறு யாரோ. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் ஹியர்." பக்கத்தில் உள்ள 'ஃப்ரெண்ட்ஸ்' பன்மை, ஆனால் தலைவன் 'ஒன்', ஆகவே 'இஸ்'. "தி கீஸ் டு தி ரூம் ஆர் வித் மீ": பக்கத்தில் 'ரூம்' ஒருமை, தலைவன் 'கீஸ்', ஆகவே 'ஆர்'. ஆஃப், டு, இன், ஃப்ரம், வித் போன்றவற்றுக்குப் பின்னால் வரும் பெயர் பெரும்பாலும் தலைமைப் பெயராக இருக்காது என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழியில் அநேகமாக விழமாட்டீர்கள். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று ஒருமையில் எழுதுவதும் இங்கேதான் நேர்கிறது. பலரில் ஒருவர் என்பதால் அந்தப் பலர் பன்மையில் இருந்தாகவேண்டும்.

வாக்கியங்களை ஒட்டும்போது

தமிழில் ஒட்டுச்சொல் உட்வாக்கியத்தின் வாலில் இருக்கும்: வருவான் என்று, வந்தால், வந்தாலும், வந்ததால். ஆங்கிலத்தில் தலையில்: தட், இஃப், ஆல்தோ, பிகாஸ். இரண்டையும் கலந்தால் "ரெய்ன் கேம் மீன்ஸ் வி வில் நாட் கோ" பிறக்கும். 'மழை வந்துச்சுன்னா' என்பதன் 'ன்னா' வாலாகவே 'மீன்ஸ்' வேடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தலைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும்: "இஃப் இட் ரெய்ன்ஸ், வி வில் நாட் கோ."

இரண்டு உட்வாக்கியத்தை ஒட்ட ஒரு ஒட்டுச்சொல் போதும். "ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வி வென்ட்" என்பதில் இரண்டு இருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட வேண்டும், எதை எடுத்தாலும் சரி. மறுபக்கம், "ஐ வாஸ் சிக், ஐ டிட் நாட் கம்" என்பதில் ஒன்றுமே இல்லை. கமாவுக்கு ஒட்டும் வலிமை கிடையாது. 'ஸோ' போடலாம், அல்லது முற்றுப்புள்ளி வைத்து இரண்டு வாக்கியமாக்கலாம்.

வினையெச்சத்தில் கவனம் அதிகம் வேண்டும். 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, ஆபீசுக்குப் போனான்' என்பதில் வினைமுற்று கடைசியில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இந்த வரிசைச் செயல்களுக்கு எச்சம் தேடாதீர்கள். எல்லாவற்றையும் முற்றாக்கி, கடைசிக்கு முன் 'அண்ட்' போட்டால் போதும்: "ஹி காட் அப், பேத்ட், ஏட் அண்ட் வென்ட் டு தி ஆபீஸ்." நான்கிலும் இறந்தகாலம். 'காட் அப், பேத், ஈட் அண்ட் வென்ட்' என்று நடுவில் காலத்தை விட்டுவிடுவது தமிழ் எச்சத்தின் நிழல்.

'இங்' வடிவத்தை எச்சமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் செய்பவரும் வினைமுற்றின் எழுவாயும் ஒருவராக இருக்கவேண்டும். "வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப், ஐ சா ஹிம்": நடந்தது நான், பார்த்தது நான். "வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப், தி ரெய்ன் ஸ்டார்டட்" என்றால் மழை நடந்துபோனதாக ஆகிவிடும். தமிழில் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று இரண்டு எழுவாய்களை ஓர் எச்சத்தால் இணைக்க முடிகிறது, பெய்தது மழை, நிறைந்தது குளம். அந்தச் சலுகை இந்த 'இங்' அமைப்பில் கிடையாது. எழுவாய் வேறானால் ஒட்டுச்சொல்லோடு முழு உட்வாக்கியம் எழுதிவிடுவதே பத்திரம்: "ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப், இட் ஸ்டார்டட் டு ரெய்ன்."

நீள வாக்கியத்தைப் பிரிப்பது

அரசு அறிவிப்பு, வங்கிக் கடிதம், நுழைவுத் தேர்வுப் பத்தி, இவற்றில் வரும் வாக்கியங்கள் சொல் கடினமாக இருப்பதால் புரியாமல் போவதைவிட, எழுவாயும் வினையும் தூரத்தில் இருப்பதால் புரியாமல் போவதே அதிகம். ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

"தி அப்ளிகேஷன்ஸ் விச் கேண்டிடேட்ஸ் ஃப்ரம் அதர் டிஸ்ட்ரிக்ட்ஸ் சென்ட் ஆஃப்டர் தி லாஸ்ட் டேட் வில் நாட் பி அக்செப்டட் அன்லெஸ் தே கிவ் எ ரீசன் ஃபார் தி டிலே."

முதலில் காலம் ஏறிய சொற்களை மட்டும் வட்டமிடுங்கள்: சென்ட், வில், கிவ். மூன்று. 'பி அக்செப்டட்' வில்லோடு போய்விடும், தனியாக எண்ணக்கூடாது. 'டு' சேர்ந்த வினையும் வெறும் 'இங்' வடிவமும் எங்கே வந்தாலும் அப்படித்தான். மூன்று முற்று என்றால் மூன்று உட்வாக்கியம், அவற்றை ஒட்ட இரண்டு ஒட்டுச்சொல் இருக்கவேண்டும். தேடினால் விச், அன்லெஸ். கணக்குச் சரி. குறைந்தால் எங்கோ 'தட்' சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று பொருள். "ஐ நோ ஹி இஸ் ஹியர்" என்பதில் விடப்பட்டதுபோல. "தி புக் ஐ பாட்" என்பதிலும் அதுவேதான்.

அடுத்து பிரிப்பொசிஷன் துண்டுகளைப் பென்சிலால் மெல்ல அடித்துவிடுங்கள்: ஃப்ரம் அதர் டிஸ்ட்ரிக்ட்ஸ், ஆஃப்டர் தி லாஸ்ட் டேட், ஃபார் தி டிலே. மிஞ்சுவது எலும்புக்கூடு: தி அப்ளிகேஷன்ஸ் – விச் கேண்டிடேட்ஸ் சென்ட் – வில் நாட் பி அக்செப்டட் – அன்லெஸ் தே கிவ் எ ரீசன். இப்போது 'வில்' யாருடையது? 'டேட்' அடித்த துண்டில் இருக்கிறது, 'கேண்டிடேட்ஸ்' ஏற்கெனவே 'சென்ட்' என்பதற்கு எழுவாயாகிவிட்டது, மிச்சம் 'அப்ளிகேஷன்ஸ்'. 'சென்ட்' எதை அனுப்பியது? அதற்குப் பின்னால் பொருள் இல்லை. 'விச்' அதை முன்னாலேயே எடுத்துக்கொண்டது, ஆக அனுப்பியதும் அப்ளிகேஷன்ஸைத்தான். 'தே' என்பது காரணம் சொல்லக்கூடிய ஆட்களை, அதாவது கேண்டிடேட்ஸைக் குறிக்கும். இதை மட்டும் இலக்கணம் சொல்லாது, பொருள்தான் சொல்லும்.

கடைசியிலிருந்து தமிழாக்கினால்: தாமதத்துக்குக் காரணம் சொல்லாவிட்டால், பிற மாவட்டத்தினர் கடைசித் தேதிக்குப் பிறகு அனுப்பிய விண்ணப்பங்கள் ஏற்கப்பட மாட்டா.

ஒரே ஒரு இடத்தில் இந்த முறை தடுமாறும். 'சென்ட்' போன்ற வினைகளுக்கு இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. "தி லெட்டர் சென்ட் லாஸ்ட் வீக் ஹேஸ் நாட் கம்" என்பதில் 'சென்ட்' முற்று இல்லை. 'அனுப்பப்பட்ட' என்ற பெயரெச்சம், 'விச் வாஸ்' விடப்பட்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் இரண்டு வடிவமும் வேறுபடும் ஒரு வினையை வைத்துப் பாருங்கள். "தி லெட்டர் ரோட் லாஸ்ட் வீக்" பொருந்தாது, "தி லெட்டர் ரிட்டன் லாஸ்ட் வீக்" பொருந்தும். ரிட்டன் பொருந்தினால் அது மூன்றாம் வடிவம், வட்டமிடக்கூடாது. இந்த வாக்கியத்தில் வட்டம் 'ஹேஸ்' ஒன்றுக்குத்தான்.

நீங்கள் எழுதும் வாக்கியத்திலும் இதே பென்சிலைப் பயன்படுத்தலாம். முற்றுகளை வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று கோடு இழுத்துப் பாருங்கள். கோடு போய்ச் சேர இடமில்லாத முற்று இருந்தால் எழுவாய் விட்டுப்போயிருக்கிறது. வட்டமே விழாத வாக்கியம் இருந்தால் 'இஸ்'ஸோ 'வாஸ்'ஸோ விட்டுப்போயிருக்கிறது. ஒரே எழுவாய்க்கு 'அண்ட்' இல்லாமல் இரண்டு கோடு வந்தால், ஒன்று காலம் இரட்டித்திருக்கிறது, இல்லையென்றால் 'ஹூ', 'தட்' போன்ற ஒரு ஒட்டுச்சொல் குறைகிறது.